போர்க்காலத்தில் உங்கள் ஆள் என்ன படம் பார்த்தான்?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தை வைத்து நாவல் எழுதும் பிள்ளைகள் கப்பலூருக்கு என்னைத் தேடி வந்து கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சோழனையும் பாண்டியனையும் விட்டு நம் தாத்தா பாட்டி வாழ்ந்த காலத்துக்கு அவர்கள் இறங்கி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அரிசித் தட்டுப்பாடு, ரேஷன், பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள், ஆகஸ்ட் போராட்டம் என்று எல்லாவற்றையும் தேடிப் படித்துத்தான் எழுதுகிறார்கள். ஆனால் கதாநாயகன் ஒரு சாயங்காலம் சினிமாவுக்குக் கிளம்பிவிட்டால் போதும், அந்தக் கவனம் தளர்ந்துவிடுகிறது. ஆண்டைப் போட்டுத் தேடி, முதலில் கண்ணில் பட்ட படத்தின் பெயரை எழுதி அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு மனிதன் எந்தப் படத்துக்குப் போனான் என்பதில் அவன் ஊர், கூலி, சாதி, வீட்டுக் கட்டுப்பாடு, பக்தி, அரசியல் அத்தனையும் இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். தம்பி, தங்கச்சி, பொறுமையாகக் கேளுங்கள்.

1. படம் வெளியான தேதியை வைத்துக் காட்சி எழுதாதீர்கள். படம் உங்கள் ஆளிடம் வந்து சேர்ந்த தேதியைப் பாருங்கள். இன்று போல ஒரே வெள்ளிக்கிழமை நாடு முழுக்கத் திரைக்கு வருகிற வழக்கம் அன்று இல்லை. ஒரு படத்துக்குப் போட்ட பிரதிகளே கொஞ்சம். அவை சென்னை, மதுரை, திருச்சி, கோவை போன்ற ஊர்களில் ஓடி, பிறகு தாலுகா ஊர்களுக்குப் போய், கடைசியில்தான் டூரிங் டாக்கீஸ் கூடாரத்துக்கு வரும். அங்கே வருவதற்குள் பிலிமில் கீறல் விழுந்து திரையில் மழை பெய்யும். அறுந்து ஒட்டின இடத்தில் பாட்டு தாவும். ஒரே புரொஜெக்டர்தான் இருக்கும் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். முறுக்கும் சோடாவும் அப்போது விற்றுத் தீரும்.

அதனால் 1942-ல் நடக்கிற கதையில் உங்கள் கிராமத்து ஆள் 1937-ல் வந்த ‘சிந்தாமணி’யைப் பார்க்கலாம். அது நம் மதுரைக்காரர்களின் ராயல் டாக்கீஸ் எடுத்த படம். ஒய்.வி. ராவ் இயக்கி, தியாகராஜ பாகவதரும் அஸ்வத்தம்மாவும் நடித்து, ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அதில் வந்த லாபத்தில்தான் மதுரையில் சிந்தாமணி தியேட்டரே எழுந்தது. பட்டணத்தில் பழசாகிவிட்ட படம் ஒரு கிராமத்தானுக்கு அன்று ராத்திரி புத்தம் புதுசு. அவன் கண்ணுக்கு அது புதுசாகத் தெரிந்ததை நீங்கள் எழுதினால் அவன் ஊர் எங்கே இருக்கிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2. கொட்டகை இருந்ததா என்று பாருங்கள். மதுரையைப் பற்றி எழுதுகிறவர்கள் கையில் முதலில் வருவது தங்கம் தியேட்டர். அது 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்த கொட்டகை. 1943-ல் ஒருவன் அங்கே வரிசையில் நிற்க முடியாது. இங்கிலீஷ் படம் பார்க்கிற கல்லூரி மாணவனாக இருந்தால் விக்டோரியா எட்வர்டு மன்றத்து ரீகலுக்கு அனுப்புங்கள். அங்கே பகலில் பத்திரிகை படிப்பார்கள், பொழுது சாய்ந்தால் படம் ஓடும்.

அப்புறம், போகிற வழி. எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் கப்பலூர் என்றால் நாலுவழிச் சாலையும் டோல்கேட்டும் சிட்கோ தொழிற்பேட்டையும்தான் கண்ணுக்கு வரும். போர்க்காலத்தில் இது வயலும் கண்மாயும் சூழ்ந்த ஊர். 1936-ல் கருமுத்து தியாகராசர் தொடங்கிய தியாகராசர் மில் இருந்தது. உங்கள் கதாநாயகன் அந்த மாதிரி ஒரு மில்லில் நூல் ஓட்டுகிறவன் என்று வையுங்கள். அவன் எந்த ஷிப்ட்? சங்கு எப்போது ஊதும்? யுத்தம் வந்தபின் துணிக்குக் கிராக்கி, மில்கள் இரவும் பகலும் ஓடின. கையில் பஞ்சப்படி சேர்ந்து கொஞ்சம் காசு புரண்டது. ஆனால் பொழுது அவன் கையில் இல்லை. சாயங்கால ஷிப்ட் முடிந்தவன் முதல் ஆட்டத்துக்கு மதுரை போய்ச் சேர முடியாது. பெட்ரோல் கட்டுப்பாட்டால் பஸ்கள் கரிவாயுவில் முக்கி முனகி ஓடிய நேரம் அது. இரண்டாம் ஆட்டம் பார்த்தால் திரும்பி வர வண்டி கிடையாது. திருப்பரங்குன்றம் வழியாக நடந்தே வர வேண்டும், இல்லையென்றால் ரயிலடியில் துண்டை விரித்துப் படுத்து, விடியற்காலை ரயிலில் திருமங்கலத்துக்கோ திருப்பரங்குன்றத்துக்கோ வர வேண்டும். மறுநாள் மில்லில் கண் சொருகும். இதெல்லாம் தெரிந்தால் அவன் எத்தனை ஆசையோடு போயிருப்பான் என்பதும் தெரியும். பக்கத்தில் திருமங்கலத்தில் கூடாரம் போட்டிருக்கும்போது ஒருவன் மதுரைக்கே போனான் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் உங்கள் நாவலில் வர வேண்டும்.

3. ஒரே பெயரில் இரண்டு மூன்று படங்கள் உண்டு. நான் பார்த்தவரை அதிகமாகக் கால் இடறும் இடம் இதுதான். ‘உத்தமபுத்திரன்’ என்றால் உங்கள் தலைமுறைக்குச் சிவாஜி. அது 1958. 1940-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘உத்தமபுத்திர’னில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் போட்டார். தமிழில் முதல் இரட்டை வேடம் அதுதான். ஜனங்கள் அதிசயப்பட்டுப் பார்த்த படம். ‘அம்பிகாபதி’ 1937-லும் உண்டு, 1957-லும் உண்டு. ‘மங்கம்மா சபதம்’ 1943-ல் ஜெமினி எடுத்தது, வசுந்தரா தேவியும் ரஞ்சனும் நடித்தது. 1985-ல் வந்தது வேறு. 1935-ல் கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடத்தில் நடித்தது ‘பக்த நந்தனார்’, 1942-ல் தண்டபாணி தேசிகர் நடித்தது ‘நந்தனார்’. இணையத்தில் கிடைக்கிற படத்தைப் பார்த்துவிட்டு உடுப்பையும் வசனத்தையும் எழுதும் முன் அது எந்த வருஷத்துப் படம் என்று தலைப்பெழுத்துகளை நிறுத்திப் படியுங்கள்.

4. போர்க்காலத்தில் எம்.ஜி.ஆர். ரசிகன் கிடையாது. 1941-ல் வந்த ‘அசோக்குமா’ரில் அவர் சின்ன வேடத்தில் இருக்கிறார். கதாநாயகனானது 1947-ல் ‘ராஜகுமாரி’யில். அன்றைக்கு இரண்டு கட்சிதான்: பாகவதர் கட்சி, சின்னப்பா கட்சி. டீக்கடையில் இருவர் மோதிக்கொண்டால் இந்த இரண்டு பேருக்காகத்தான் மோதுவார்கள். பெரும்பாலும் நடிகரே பாடிய காலம் என்பதால் சண்டையும் குரலைப் பற்றியே இருக்கும். யார் எந்தக் கட்டையில் பாடுகிறார், யார் சாரீரம் நாலு வீதிக்குக் கேட்கும் என்று பேச வையுங்கள். நடை, சண்டை, ஸ்டைல் என்று பேச வைக்காதீர்கள். அந்தப் பேச்சு பிற்பாடு வந்தது.

மதுரைப் பக்கத்து ஆளுக்கு இன்னொரு பாசமும் உண்டு. சின்னப்பாவும் எம்.ஜி.ஆரும் காளி என். ரத்தினமும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் நாடகம் பழகியவர்கள். டி.ஆர். மகாலிங்கம் சோழவந்தான் பக்கத்துத் தென்கரைப் பிள்ளை. எம்.எஸ். சுப்புலட்சுமி மதுரையிலேயே பிறந்தவர். திரையில் இவர்கள் வரும்போது ‘நம்ம ஊர் ஆள்’ என்ற சலசலப்பு கொட்டகையில் ஓடியிருக்கும். சென்னையில் நடக்கிற கதையில் இது வராது.

5. வீட்டில் யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ஒரு பெண் பாத்திரம் சினிமாவுக்குப் போகிறாள் என்றால் அவளோடு யார் போனார்கள், மாமியார் சரி என்றாளா, பெண்கள் பகுதியில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாள், கைக்குழந்தையை என்ன செய்தாள் என்பது வேண்டும். சாமி படம் என்றால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பமே மாட்டுவண்டியில் கிளம்பும். 1945 ஏப்ரலில் ஏவி.எம். கொடுத்த ‘ஸ்ரீவள்ளி’க்குத் திருப்பரங்குன்றத்து முருகனைக் கும்பிடுகிற எங்கள் பக்கத்து வீடுகளில் தடை சொல்லியிருக்க மாட்டார்கள். மகாலிங்கத்தின் பாட்டு ஒருபக்கம், கதை ஏற்கெனவே நாடகத்தில் பார்த்துப் பழகிய வள்ளி திருமணம். அதே வீட்டில் டி.ஆர். ராஜகுமாரி நடனத்துக்காகப் பேர் வாங்கிய படத்துக்கு இளைஞன் சொல்லாமல்தான் போயிருப்பான். ஒரே வீட்டில் இருந்து இரண்டு படம், இரண்டு விதமான கிளம்பல். இதை எழுதினால் அந்த வீடு கண்ணுக்குத் தெரியும்.

6. ஒரே படத்தை ஒரே கொட்டகையில் வேறு வேறு ஆட்கள் வேறு வேறாகப் பார்த்தார்கள். இதற்கு 1942-ன் ‘நந்தனா’ரை விட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை.

காலத்தை நினைத்துப் பாருங்கள். 1939 ஜூலை 8-ம் தேதிதான் வைத்தியநாதய்யர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட, அதுவரை உள்ளே விடப்படாத ஒடுக்கப்பட்ட சாதியினர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அந்தச் சூடு ஆறாத வருஷங்கள். அந்த மதுரையில், சிதம்பரம் போக ஆண்டையிடம் அனுமதி கேட்டு நிற்கிற பண்ணையாளின் கதை திரையில் ஓடுகிறது. தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கிற பண்ணையாள் ஒருவன், நாளைக்குக் காலையில் அதே மாதிரி ஒரு வேதியர் முன்னாலோ மிராசு முன்னாலோ துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியவன். நாற்பது வேலியையும் நட்டு அறுத்துவிட்டுப் போ என்று ஆண்டை சொல்கிற இடம் அவனுக்குப் புராணமாகவா பட்டிருக்கும்? அவனுக்குப் பின்னால் நாற்காலியில் இருக்கிறவர் தேசிகரின் இசைக்கு வந்தவர். கண்ணை மூடித் தலையாட்டுகிறார். பெண்கள் பகுதியில் ஒரு பாட்டி, தீயில் இறங்கும் கட்டத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். ஆலயப் பிரவேசத்தை எதிர்த்துவிட்டு மூன்று வருஷமாகக் கோயிலுக்கே போகாத ஒருவர் கூட அங்கே இருக்கலாம். அவர் என்ன நினைத்தார்?

தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒரே கலையைப் பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகை என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதியிருக்கிறார். டிக்கெட்டைக் காசுதான் பிரித்தது. ஆனாலும் கிராமத்துக் கூடாரத்தில் மண்தரையில் உட்காரும்போது யார் யாரிடமிருந்து எத்தனை முழம் தள்ளி உட்கார்ந்தார்கள் என்று கற்பனை செய்யுங்கள். நாவலுக்கு வேண்டியது அந்த இடைவெளி. படத்தின் கதையைச் சுருக்கி எழுதுவதில் ஒரு பக்கம் வீணாக்காதீர்கள்.

7. பிலிம் தட்டுப்பாட்டை மறக்காதீர்கள். கச்சா பிலிம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டிய சரக்கு. 1942-ல் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் வரம்பு வைத்தது. 1943-ல் பிலிம் வாங்குவதற்கே லைசென்ஸ் என்றானது. நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். கணக்குப் போட்டால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். முன்னால் மூன்று மணி நேரத்தையும் தாண்டி ஓடிய படங்களுக்குப் பழகிய ஜனங்கள், ‘அதுக்குள்ள முடிஞ்சு போச்சா’ என்று கேட்டுக்கொண்டே எழுந்திருப்பார்கள். படங்களின் எண்ணிக்கையும் குறைந்தது. ஆகவே 1944-ல் உங்கள் ஆள் வாராவாரம் புதுப் படம் பார்த்தான் என்று எழுத வேண்டாம். பார்த்ததையே திரும்பப் பார்த்தான்.

8. யுத்தப் படங்களை விட்டுவிடாதீர்கள். இளம் எழுத்தாளர்கள் எல்லோரும் பாகவதரிடமே நின்றுவிடுகிறார்கள். போருக்கு ஆதரவாகவும் படம் எடுத்தால்தான் பிலிம் கிடைக்கும் என்ற நிலை வந்தபோது நம் ஆட்களும் எடுத்தார்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரத்தின் ‘பர்மா ராணி’, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ஜெமினியின் ‘கண்ணம்மா என் காதலி’, கே. சுப்ரமண்யத்தின் ‘மானசம்ரட்சணம்’ மூன்றும் 1945-ல் வந்தவை.

இதைக் கொஞ்சம் பொறுத்து யோசியுங்கள். ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. அடுத்த மார்ச்சில் நகரம் ஜப்பான்காரன் கையில். ராமநாதபுரம், மதுரைச் சீமையிலிருந்து போயிருந்த எத்தனையோ பேர் மலையும் காடும் தாண்டி நடந்து வந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியெங்கும் பிணம் விழுந்தது. அப்படி வந்து சேர்ந்த ஒருவர், மூன்று வருஷம் கழித்து, மதுரையில் ‘பர்மா ராணி’க்கு டிக்கெட் எடுக்கிறார். சேலத்து ஸ்டூடியோவில் கட்டிய பர்மா திரையில் வருகிறது. தன்னோடு நடந்து வந்து பாதியில் நின்றுபோனவளை நினைத்துக்கொண்டிருக்கிறவருக்கு அந்த மடாலயமும் மூங்கில் வீடும் என்ன செய்திருக்கும்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சின்னப் பையன் விமானத்தைப் பார்த்துக் கை தட்டுகிறான். பெரியவர் எழுந்து வெளியே போகிறாரா, இல்லை, பிடிவாதமாகக் கடைசிவரை உட்கார்ந்திருக்கிறாரா? உங்கள் நாவலில் பர்மாவிலிருந்து வந்த பாத்திரம் இருந்தால், இந்தப் படத்தைத் தவிர வேறொன்றுக்கு அவரை அனுப்புவது எனக்கு ஏற்கவில்லை.

படத்துக்கு முன்னால் ஓடியதும் முக்கியம். 1943-லிருந்து சர்க்கார் தருகிற துண்டுப் படத்தைக் கொட்டகைக்காரர் கட்டாயம் போட வேண்டும் என்று சட்டம் இருந்தது. ‘இந்தியன் நியூஸ் பரேடு’ தமிழிலும் வந்தது. பட்டாளத்துக்குப் போன மகனின் கடிதம் மாசக்கணக்கில் வராத தாய் ஒருத்தி, அணிவகுத்துப் போகிற சிப்பாய்களின் முகத்தை ஒவ்வொன்றாகத் தேடியிருப்பாள். அவளுக்கு அன்றைய படமே அதுதான்.

9. தடைசெய்த படத்தை ஓட்டாதீர்கள். கல்கியின் கதையில் கே. சுப்ரமண்யம் எடுத்த ‘தியாகபூமி’ 1939 மே மாதம் வந்தது. மாகாணத்தில் ராஜாஜி மந்திரிசபை இருந்த நேரம். யுத்தத்தில் இந்தியாவைக் கேட்காமல் இழுத்துவிட்டதற்காகக் காங்கிரஸ் மந்திரிகள் அக்டோபரில் விலகினார்கள். கவர்னர் ஆட்சி வந்தது, 1940-ல் படத்துக்குத் தடையும் வந்தது. தடை வரப்போகிறது என்று தெரிந்ததும் சென்னை கெயிட்டியில் இலவசமாகவே ஓட்டினார்கள். கூட்டம் அலைமோதி, போலீஸ் தடியடி நடத்தும்வரை போனது. ஆகையால் 1942 ஆகஸ்டில் மதுரையில் ஊர்வலமும் துப்பாக்கிச் சூடும் நடக்கிற அத்தியாயத்தில் உங்கள் கதாநாயகி ‘தியாகபூமி’யைப் பார்த்துவிட்டு வர முடியாது. முன்பு பார்த்ததை நினைக்கலாம், பார்க்காமல் விட்டதற்கு ஏங்கலாம். எழுத்தாளனுக்கு ஏக்கமே அதிகம் கை கொடுக்கும்.

10. ‘ஹரிதா’ஸை எல்லோரும் எழுதுகிறீர்கள், மாதம் பார்த்து எழுதுங்கள். 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வேயில் மூன்று தீபாவளி கண்டது. நவம்பரில், நடிகர்களைப் பற்றி அவதூறு எழுதிவந்த பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் குத்துப்பட்டு இறந்தார். அந்தக் கொலை வழக்கில் டிசம்பரில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. 1947 ஏப்ரலில்தான் விடுதலை. அதாவது தீபாவளி அன்று ‘ஹரிதா’ஸைப் பார்த்தவன் ஒரு ராஜாவைப் பார்த்தான். தை மாதம் பார்த்தவன் சிறையில் இருக்கிறவரைப் பார்த்தான். திரையில் அவர் பாடுகிறார், கொட்டகையில் பெண்கள் அழுகிறார்கள். அந்த அழுகை கதைக்காகவா, அவருக்காகவா? உங்கள் அத்தியாயத்தின் தலையில் எந்த மாதம் போட்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்தக் காட்சி முழுக்க மாறிவிடும். வழக்கைப் பற்றி ஊரே பேசியது. உங்கள் பாத்திரங்கள் மட்டும் பேசாமல் இருந்தால் வாசகர் நம்ப மாட்டார்.

11. இங்கிலீஷ் படத்தில் அவசரம் வேண்டாம். ‘காசாபிளாங்கா’ நியூயார்க்கில் வந்தது 1942 நவம்பர். கப்பல் போக்குவரத்தே ஆபத்தாக இருந்த நேரத்தில் அது அடுத்த மாதமே ரீகலுக்கு வராது. அமெரிக்கன் கல்லூரி மாணவன் அதைப் பார்க்க வேண்டுமென்றால் தாராளமாக இடைவெளி விடுங்கள்.

12. கடல் தாண்டிப் போன பாத்திரங்களுக்குக் கணக்கு வேறு. பினாங்கு 1941 டிசம்பரில் விழுந்தது, சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15-ல். அதற்குப் பிறகு சென்னையிலிருந்து புதுப் பிரதி போக வழியே இல்லை. ‘அசோக்குமா’ரும் ‘ஆரியமாலா’வும் 1941 படங்கள், மலேயாவில் இருந்த ஒருவர் அவற்றைப் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. 1942 ஆகஸ்டில் வந்த ‘கண்ணகி’யை அவர் போர் முடியும்வரை பார்த்திருக்கவே முடியாது. தமிழ்நாட்டில் கண்ணாம்பாவும் சின்னப்பாவும் பேசிய இளங்கோவனின் வசனத்தை ஊரே மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ரப்பர்த் தோட்டத்தில் இருந்த அவருக்கு அப்படி ஒரு படம் வந்ததே தெரியாது. 1946-ல் அவரும் ஊரில் இருந்த தம்பியும் சந்திக்கும்போது இந்த நாலு வருஷத்துப் பள்ளம் பேச்சில் வரும்.

இந்தக் களத்தில் எழுத நினைக்கிறவர்கள் ப. சிங்காரத்தைப் படிக்காமல் ஆரம்பிக்கக் கூடாது. சிங்கம்புணரியில் பிறந்து, 1938-ல் மேடான் போய், போர்க்காலத்தில் அங்கே இருந்து, 1946-ல் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்து, ஒய்.எம்.சி.ஏ. அறையில் தனியாக வாழ்ந்தவர். ‘புயலிலே ஒரு தோணி’யில் தூரத்துத் தீவில் இருக்கிறவன் மனத்தில் மதுரைத் தெரு எப்படி வருகிறது என்று பாருங்கள். பெயர்களை அடுக்கியே ஊரைக் கொண்டுவருவார். சினிமாப் பெயரையும் அப்படித்தான், நினைவில் தானாக மிதந்து வருகிற இடத்தில் வைக்க வேண்டும்.

13. படத்தை விடப் பாட்டுப் புத்தகம் அதிக வீடுகளுக்குப் போனது. கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிசு. அட்டையில் கதாநாயகி முகம், மசி பரவி மூக்கே தெரியாது. திறந்தால் நடிகர் பட்டியல், பிறகு கதைச் சுருக்கம். கதை சூடுபிடிக்கிற இடத்தில் நிறுத்தி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போட்டிருப்பார்கள். அப்புறம் பாட்டுகள், ராகம் தாளத்தோடு. பின்னட்டையில் விளம்பரம். தாள் மட்டமானது, மடித்த இடத்தில் கிழியும்; ஊசி நூலால் தைத்து வைத்திருப்பார்கள். எங்கள் பெரியம்மா படத்தையே பார்க்காமல் புத்தகத்தை வைத்து முழுப் பாட்டையும் பாடுவார். மெட்டு எங்கிருந்து வந்தது? யார் வீட்டிலோ கிராமபோன் தட்டு சுற்றியிருக்கும், திருச்சி ரேடியோவில் போட்டிருப்பார்கள், கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் வாசித்திருப்பார். படத்துக்குப் போகவே வழியில்லாத பாத்திரத்தை இப்படித்தான் அந்தப் படத்துக்குள் கொண்டுவர வேண்டும். பார்த்தவர்களை மட்டும் எழுதினால் பாதிப் பெண்கள் நாவலுக்கு வெளியே நின்றுவிடுவார்கள்.

14. படமே இல்லாதபோது பார்த்தது போல எழுதாதீர்கள். ‘சிந்தாமணி’க்கு இன்று ஒரு பிரதியும் இல்லை. நைட்ரேட் பிலிம் எரிந்தும் மக்கியும் போனது. அப்படிப்பட்ட படத்தில் காமிரா எங்கே இருந்தது, கதாநாயகி எந்தப் பக்கம் திரும்பினாள் என்று நீங்கள் எழுதினால் அது பொய். கொட்டகையைப் பற்றி எழுதுங்கள், பார்க்கிற முகத்தைப் பற்றி எழுதுங்கள், பாட்டுப் புத்தகத்திலிருந்து பாட்டு வந்த வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்தில் இந்தப் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கோட்டையூர்க்காரர் ஒருவர் தன் வாழ்நாளெல்லாம் சேர்த்த சேமிப்பு அது. மதுரையில் எந்த வாரம் எது ஓடியது என்று அறிய அந்தக் காலப் பத்திரிகை விளம்பரங்களே வழி. 1942 நவம்பரில் ஆதித்தனார் ‘தந்தி’யைத் தொடங்கியதே மதுரையில்தான். பழைய தாள் கிடைக்கிற இடமெல்லாம் போய்ப் புரட்டுங்கள். தூசியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

15. சென்னையின் பயத்தை மதுரைக்குக் கொண்டுவராதீர்கள். 1942 ஏப்ரலில் சென்னையைக் காலிசெய்துகொண்டு ஜனங்கள் கிளம்பினார்கள், 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் வந்து குண்டும் போட்டது. அங்கே இரண்டாம் ஆட்டத்துக்குப் போகிறவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவான். இங்கே அவன் அரிசி விலையை நினைத்துக்கொண்டு போவான். ஆனால் சென்னையிலிருந்து வந்து மதுரையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிய ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டால் நல்லது. இங்கே இன்னும் வராத படத்தை அவர் பார்த்திருப்பார். திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வார், தெருவே கேட்கும்.

16. 1945 ஆகஸ்டில் நாவலை முடிக்கிறவர்களுக்கு ஒன்று. எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘மீரா’ மேல் எல்லோருக்கும் ஆசை. கடைசி அத்தியாயத்தில் வைத்துவிடுகிறீர்கள். அது அந்த ஆண்டு நவம்பரில், தீபாவளிக்கு வந்தது. ஜப்பான் சரணடைந்து ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிவிட்டது. உங்கள் ஆட்கள் ஆகஸ்டில் அதைப் பார்க்க முடியாது. மதுரைப் பெண் மீராவாக நடிக்கிறாராம் என்று யாராவது பேசிக்கொள்ளட்டும். இல்லை, நாவலைத் தீபாவளிவரை இழுத்து, பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவனையும் கூட்டிக்கொண்டு போய்க் கொட்டகையில் உட்கார வையுங்கள்.